பாங்காய் கார்டினல்: நெல்லை வெயிலில் ஒரு தீவு மீனைக் குஞ்சு பொரிக்க வைப்பது

பவளப்பாறை மீன்கள் பெரும்பாலும் தங்கள் குஞ்சைக் கடல் நீரோட்டத்தின் கையில் ஒப்படைத்துவிடும். கண்ணாடித் துணுக்கு மாதிரி இருக்கும் குஞ்சு வாரக்கணக்கில் மிதந்து, எங்கோ ஒரு பாறையில் போய் ஒதுங்கும். ஒரே இனம் நூறு தீவுகளுக்குப் பரவுவது அப்படித்தான். பாங்காய் கார்டினலுக்கு அந்த வழியே கிடையாது. அப்பன் மீன் முட்டையை வாயில் வாங்கி, வாய்க்குள்ளேயே பொரிக்கவிட்டு, குஞ்சு 8 மில்லிமீட்டர் அளவில் முழு உருவம் எடுத்த பிறகுதான் வெளியே விடும். குஞ்சு அதே இடத்தில் ஏதாவது ஒரு கடல் முள்ளெலியின் (உடம்பெல்லாம் முள் கொண்ட உருண்டைக் கடல் உயிரி) முட்களுக்குள் புகுந்துகொள்ளும். பிறந்த வளவைத் தாண்டத் தெரியாத மீன் இது.

இந்தோனேசியாவில் சுலவேசிக்குக் கிழக்கே இருக்கும் பாங்காய்த் தீவுக்கூட்டம்தான் இதன் சொந்த ஊர். தீவுகளைச் சுற்றி, இரண்டு ஆள் ஆழத்துக்கும் குறைவான அமைதியான தண்ணீரில், முள்ளெலி, கடல் சாமந்தி, கடற்புல் இருக்கும் இடத்தில் கூட்டமாக நிற்கும். வெள்ளி உடம்பு, மூன்று கறுப்புப் பட்டை, துடுப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, ஆழமாகப் பிளந்த வால். வால் நுனி வரை அளந்தாலும் 8 சென்டிமீட்டரைத் தாண்டாது. சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பாறைத்திட்டுகளின் மீன்களுக்குள்ளேயே மரபணு வேறுபாடு தெரிகிறது. ஆகவே ஒரு திட்டில் வழித்து எடுத்துவிட்டால் பக்கத்துத் திட்டிலிருந்து வந்து நிரம்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

சுவீடன் நாட்டு விலங்கியலாளர் வால்டர் கௌடர்ன் 1920-இல் சேகரித்த மாதிரிகளை வைத்து 1933-இல் மீனியலாளர் கூமான்ஸ் இதற்கு டெராபோகன் கௌடர்னி என்று பெயரிட்டார். அதன்பின் அறுபது வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1994-இல் மீனியலாளர் ஜெரால்ட் ஆலன் மறுபடி கண்டுபிடித்ததும் வியாபாரம் பிடித்துக்கொண்டது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் ஆண்டுக்கு 6 முதல் 9 லட்சம் வரை பிடிபட்டதாகக் கணக்குகள் சொல்கின்றன. 2007-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. 2018-இல் இந்தோனேசிய அரசு பிப்ரவரி, மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பாங்காய்ப் பகுதியில் இதைப் பிடிக்கத் தடை போட்டது.

எந்த வழக்கம் இந்த மீனைக் கடலில் முடக்கிப் போட்டதோ, அதேதான் தொட்டியில் நமக்குக் கைகொடுக்கிறது. மிதக்கும் பருவம் இல்லாததால், கடல் மீன்களில் வீட்டில் குஞ்சு எடுக்க மிகத் தோதானது இது. ஆகவே வாங்கினால் தொட்டியில் பிறந்ததை மட்டும் வாங்குங்கள். வாங்கியபின் குஞ்சு எடுங்கள். கடலில் பிடித்ததைக் காசு கொடுத்து வாங்க எந்த நியாயமும் இல்லை.

தண்ணீர்

திருநெல்வேலியில் இருந்துகொண்டு கடல் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று, உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் பக்கம் போய் 20 லிட்டர் கேன்களில் எடுத்து வருவது. துறைமுகம், ஆற்று முகம், படகு நிற்கும் இடம் மூன்றையும் தவிர்த்து, கடல் ஏற்றத்தில் மொள்ள வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மணல் கலங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி புன்னைக்காயலில் கொண்டுபோய்க் கொட்டும் நல்ல தண்ணீரால் கரையோரத்து உப்பளவு தாறுமாறாக இறங்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை எடுப்பது உத்தமம். எந்த மாதமானாலும் உப்பளவை அளக்காமல் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

எடுத்த தண்ணீரை அப்படியே பயன்படுத்தினால் ஒட்டுண்ணியும் கிருமியும் சேர்ந்தே வரும். 100 லிட்டருக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 20 மில்லி ஊற்றுங்கள், 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) குளோரின் கிடைக்கும். 24 மணி நேரம் மூடி வைத்து, பிறகு நன்றாகக் காற்று ஓட்டவும். மிச்சக் குளோரினைச் சோடியம் தயோசல்பேட் முறிக்கும். 100 லிட்டருக்கு 7 கிராம் எந்த நிலையிலும் போதும். கடையில் கிடைக்கும் குளோரின் சோதனைச் சொட்டு நிறம் காட்டாமல் போன பிறகுதான் அந்தத் தண்ணீர் மீனுக்கு ஆகும். வாசனை போய்விட்டது என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். வாசனை தெரியாத அளவே செவுளைச் சுட்டுவிடும்.

இரண்டாவது வழி, கடல் மீனுக்கென்றே விற்கும் செயற்கை உப்பு. 100 லிட்டருக்கு 3.6 முதல் 3.8 கிலோ பிடிக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ஒரு ராத்திரி முழுக்க மோட்டார் ஓட்டிக் கலக்கவும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.-வில் ருசிக்காகப் பழைய தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். அதை முழுக்க அடைத்துவிட்டு டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பாருங்கள். 10-க்கு மேல் இருந்தால் மிச்ச உப்பையும் பிடித்துவிடும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று சேர்ப்பது நல்லது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நம்ம பக்கம் பல இடத்தில் ஆயிரத்தைத் தாண்டும், நினைக்கவே வேண்டாம்.

தூத்துக்குடி உப்பளத்து உப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. பாத்தியில் தண்ணீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முன்னாலேயே படிந்துவிடும். மக்னீசியம் கடைசிக் கழிவு நீரில் நின்றுவிடும். நடுவில் வாருவது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. ஆனால் அந்த உப்புக்கு இந்த வேலையில் வேறொரு இடம் உண்டு, பின்னால் வருகிறேன்.

உப்பளவு (ஒப்படர்த்தியில்) 1.023 முதல் 1.025, பி.எச். 8.1 முதல் 8.3, வெப்பம் 25 முதல் 28 டிகிரி. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பி.பி.எம்.-க்குக் கீழே. புதுத் தொட்டி இந்த நிலைக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது.

நம்ம ஊரில் மீனைக் கொல்வது பெரும்பாலும் வெயில்தான். சித்திரை, வைகாசியில் மதியம் அறைக்குள்ளேயே 35 டிகிரி ஏறும். தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாகும் சூட்டிலேயே 2, 3 டிகிரி இறங்கும். திருநெல்வேலி வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். தூத்துக்குடிப் புழுக்கத்தில் அவ்வளவு எடுபடாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே குறைந்ததை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. கண்ணாடியில் கோடு போட்டு வைத்து, காலையும் மாலையும் அந்தக் கோட்டுக்கு நிரப்புங்கள். விசிறி ஓடியும் 30-க்கு மேல் நிற்கிறதென்றால் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்காமல் இந்த மீனில் இறங்க வேண்டாம்.

மின்சாரம் போனால் முதலில் தீருவது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில், திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த மாதிரி நேரத்தில் கடல் தண்ணீர் எடுக்கவும் போக முடியாது. ஐப்பசி பிறக்கும் முன்பே இரண்டு முறை மாற்றும் அளவுக்குத் தண்ணீரோ உப்போ இருப்பு வைத்துக்கிடுங்க.

தொட்டி

ஒரு சோடிக்கு 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் போதும். ஏறக்குறைய 130 லிட்டர். நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும், இது வேகமாக நீந்தும் மீன் அல்ல. அடுக்க, சுட்ட பீங்கான் கல்லோ கடைகளில் கிடைக்கும் செயற்கைப் பாறையோ எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளக்கல்லும் வனவிலங்குச் சட்டத்துக்குள் வருவதுதான். தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் சட்டப்படி தப்பில்லை, ஆனால் நெருக்கமான படிகக் கல் என்பதால் நுண்துளை இருக்காது. கழிவை முறிக்கும் பாக்டீரியா குடியிருக்க இடம் கிடைக்காது.

உண்மையான நீண்ட முள் முள்ளெலி வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு 200 லிட்டருக்கு மேல் பழைய தொட்டி வேண்டும், தினமும் கடற்பாசி கொடுக்க வேண்டும், உப்பளவு கொஞ்சம் ஆடினாலும் முள்ளை உதிர்த்துவிடும். முள் குத்தினால் உடைந்து சதைக்குள் நிற்கும், விஷமும் உண்டு. குஞ்சு எடுப்பதுதான் குறி என்றால் செயற்கை முள்ளெலி போதும். கறுப்பு நிறக் கேபிள் டை, 15 சென்டிமீட்டர் நீளத்தில் முப்பது நாற்பது எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பந்தைச் சுற்றித் துளை போட்டுச் செருகி, அடியில் ஒரு கல்லைக் கட்டினால் முடிந்தது. மீன் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஈர்க்குக் குச்சி செருகினால் ஒரு வாரத்தில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

மீன் வந்து இறங்கும்போது

சென்னை கொளத்தூரிலிருந்து வரும் பெட்டி, பையில் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கும். உள்ளே அமோனியா சேர்ந்திருக்கும், ஆனால் மூச்சுக்காற்றால் பி.எச். இறங்கியிருப்பதால் விஷம் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறும், அமோனியா விஷமாக மாறும். இந்த நேரத்தில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுப் பழக்குகிறவர்கள் மீனை அதே விஷத்தில் ஊறப்போடுகிறார்கள். அனுப்புகிறவரிடம் பைத் தண்ணீரின் உப்பளவை முன்கூட்டியே கேட்டு, தனிமைத் தொட்டியை (புது மீனை முதலில் ஒதுக்கி வைக்கும் தொட்டி) அதே அளவில் வையுங்கள். பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். திறந்ததும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. உப்பளவை நான்கைந்து நாளில் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம்.

தொட்டியில் பிறந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே வயசு, ஒரே அளவு, 2.5 முதல் 3 சென்டிமீட்டர் குட்டிகளாக இருக்கும். கை காட்டியதும் தீனிக்கு ஓடி வரும். வயிறு ஒட்டிப்போன பெரிய மீன்கள் பல அளவில் கலந்து நின்றால் விட்டுவிடுங்கள்.

நான்கு வாரம் தனிமை, ஒரு நாள் குறையக் கூடாது. இந்த இனத்தைத் தாக்கும் இரிடோவைரஸ் ஒன்று உண்டு. உடம்பு கறுக்கும், தீனி நிறுத்தும், வேகமாக மூச்சு வாங்கும், வெள்ளை நூல் மாதிரிக் கழிவு தொங்கும், சில நாளில் சாகும். மருந்து கிடையாது. கடலில் பிடித்து, கூண்டில் நெருக்கி, கைமாறி கைமாறி வருகிற மீனில்தான் இது அதிகம். தொட்டிக் குட்டியை வாங்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

சோடி சேர்வது

வெளியே பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. துடுப்பு நீளம், தாடை அகலம் என்று சொல்லப்படும் அடையாளமெல்லாம் பாதிக்குப் பாதி தவறும். ஆறு முதல் எட்டுக் குட்டிகளைச் சேர்த்து வாங்கி வளர்ப்பதே வழி. எட்டு, ஒன்பது மாதத்தில் இரண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். துடுப்பு கிழிந்து, மேல் மூலையில் ஒடுங்கி நிற்கிறவற்றை அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் காலையில் பிணம்தான் மிதக்கும்.

பெரிய மீனுக்குத் தீனி நாளுக்கு இரண்டு மூன்று வேளை, பலதரப்பட்டதாக: உறைந்த மைசிஸ் (இறால் மாதிரி ஒரு சின்ன உயிரி), வளர்ந்த ஆர்ட்டீமியா (உப்பு நீரில் வாழும் பொடி இறால் மாதிரி உயிரி), பச்சைக் கூனி. சந்தையில் கிடைக்கும் கூனி காயாததாக, உப்புப் போடாததாக இருக்க வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்கி, உறைய வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த குருணையை இந்த மீன் எளிதில் தொடாது.

முட்டையிடும் நாள் நெருங்கினால் பெண் ஆணின் பக்கவாட்டில் ஒட்டி நின்று உடம்பை நடுக்கும். முட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், நாற்பது முதல் அறுபது வரை, ஒரே கொத்தாக வரும். சில நொடிக்குள் ஆண் அதை வாயில் வாங்கிவிடும். அதற்கப்புறம் தாடை தொங்கிப் புடைத்திருக்கும், தீனியைத் திரும்பிப் பார்க்காது. அந்தத் தேதியைக் கண்ணாடியிலேயே எழுதி வையுங்கள்.

இளம் ஆண் முதல் இரண்டு மூன்று தடவை முட்டையை விழுங்கிவிடும். இது நோயும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை. தொடர்ந்து விழுங்கினால் மட்டும் காரணம் தேடுங்கள்: ஆள் நடமாட்டம், விரட்டும் கூட்டாளி மீன், தீனிப் பற்றாக்குறை. முட்டை வாங்கும் முன்பு மெலிந்திருந்த ஆண் நான்கு வாரப் பட்டினியைத் தாங்காது.

27 டிகிரியில் ஏறக்குறைய 20 நாளில் முட்டை பொரியும். பொரித்த குஞ்சு மஞ்சள் கரு தீரும் வரை இன்னும் 7 முதல் 10 நாள் வாயிலேயே இருக்கும். 22-ஆம் நாளுக்கு மேல் ஆணைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றலாம். வலை போட்டுத் தூக்கினால் பயத்தில் துப்பிவிடும். ராத்திரி விளக்கணைத்தபின், தண்ணீருக்குள்ளேயே ஒரு கண்ணாடி ஜாடியைச் சாய்த்து, மீனை உள்ளே நடத்தி, தண்ணீரோடு எடுக்க வேண்டும். இரண்டு தொட்டியிலும் உப்பளவும் வெப்பமும் ஒன்றாக இருக்க வேண்டும். குஞ்சு முழுக்க வெளியே வந்ததும் ஆணை எடுத்துவிடுங்கள். பெற்ற குஞ்சைத் தின்னும். நேராகப் பெண்ணிடம் விடாமல், இரண்டு மூன்று வாரம் தனியே தீனி போட்டுத் தேற்றுங்கள். பெண் அதற்குள் அடுத்த கொத்துக்குத் தயாராக நிற்கும். தேறாத ஆண் மறுபடி முட்டையை வாயில் வாங்கினால் செத்துப்போகும்.

குஞ்சு

இருபது முப்பது லிட்டர் தொட்டி, மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், நடுவே ஒரு கேபிள் டை முள்ளெலி. குஞ்சு வெளியே வந்த நாளிலேயே, இப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியாவைத் தின்னும். மற்ற கடல் மீன் குஞ்சுக்கு ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய உயிரியை வளர்த்து மாய்கிற வேலை இதற்குக் கிடையாது.

ஆர்ட்டீமியா பொரிக்க அந்தத் தூத்துக்குடி உப்பு வரும். அயோடின் சேர்க்காதது, லிட்டருக்கு 25 முதல் 30 கிராம், ஒரு சிட்டிகை சமையல் சோடா. (அந்த உப்பளங்களில் ஆர்ட்டீமியா இயல்பாகவே உண்டு.) இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலைக் கவிழ்த்து, லிட்டருக்கு ஒன்றரைக் கிராம் முட்டை போட்டு, அடியிலிருந்து பலமாகக் காற்று விட்டு, மேலே விளக்கு எரிய விடுங்கள். 28 டிகிரியில் 24 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரித்தது அடியில் சேரும். அடியில் வெளிச்சம் காட்டிக் குழாயால் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு கலந்து போனால் குஞ்சின் குடல் அடைக்கும்.

பலரும் தோற்பது அடுத்த கட்டத்தில். பத்து, பதினைந்து நாள் எல்லாம் நன்றாகத் தின்று வளரும். ஒரு காலையில் விளக்கைப் போட்டதும் குஞ்சுகள் சுழன்று துடித்து அடியில் விழுந்து சாகும். மின்னதிர்ச்சி என்று நினைத்து மோட்டாரை மாற்றுகிறவர்கள் உண்டு. உண்மையில் இது சத்துக் குறைவு. ஆர்ட்டீமியாவில் டி.எச்.ஏ. என்னும் கொழுப்பமிலம் இல்லாத அளவுக்குக் குறைவு. அது இல்லாமல் வளர்ந்த குஞ்சுக்குச் சின்ன அதிர்ச்சியும் தாங்காது. முதல் இரண்டு நாளுக்குப் பிறகு, பொரித்து 12 மணி நேரம் கடந்த ஆர்ட்டீமியாவை எடுத்து (அதற்கு முன்னால் அதற்கு வாயே திறந்திருக்காது), ஊட்டத்துக்கென்று விற்கும் எண்ணெய்க் குழம்பு லிட்டருக்கு 0.3 கிராம் வீதம் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை கலந்து, நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து வைத்திருந்து, அலசிப் போடுங்கள். ஊட்டிய எண்ணெய் சில மணி நேரத்தில் ஆர்ட்டீமியாவின் வயிற்றிலிருந்து போய்விடும். ஆகவே ஒரு வேளைக்கு அரை மணி நேரத்தில் தீரும் அளவு, நாளுக்கு நான்கு வேளை. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வையுங்கள். கூடவே ராத்திரி முழுக்க மங்கலாக ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இருட்டிலிருந்து திடீர் வெளிச்சம் இந்தக் குஞ்சுக்கு ஆகவே ஆகாது.

தினம் காற்றுக் குழாயால் அடியை உறிஞ்சிப் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். ஒரு மாதத்தில் நறுக்கிய கூனியும் மைசிஸும் பழக்கலாம். மூன்று, நான்கு மாதத்தில் 3 சென்டிமீட்டர் அளவுக்கு வந்து, வேறு வீட்டுக்குக் கொடுக்கத் தயாராகும். எந்தச் சோடியின் குஞ்சு என்று எழுதிக் கொடுங்கள். ஒரே வயிற்றுக் குஞ்சுகளையே மறுபடி மறுபடி சோடி சேர்த்தால் தாடை கோணல், செவுள் மூடி குட்டை என்று குறைகள் வரும். நாகர்கோவில், மதுரை, தூத்துக்குடி என்று வேறு ஊரில் வளர்ப்பவர்களோடு மாற்றிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

வளர்க்க முடியாமல் போனால் இந்த மீனைத் திருச்செந்தூரிலோ தூத்துக்குடியிலோ கடலில் விடவே கூடாது. பாங்காயிலிருந்து 400 கிலோமீட்டர் வடக்கே லெம்பே நீரிணையில் 2000-இல் விட்டவை அங்கேயே பெருகி நிலைத்துவிட்டன. பாலியில் கிலிமானுக் விரிகுடாவிலும் அதே கதை. ஆழமில்லாத அமைதியான தண்ணீர், முள்ளெலி, கடற்புல் மூன்றும் நம்ம வளைகுடாவிலும் இருக்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளத்தை மூடியது நமக்குத் தெரிந்ததுதான். கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கிறவரிடம் சேருங்கள். தேறாத நோயாளி மீனுக்கு, கிராம்பு எண்ணெய்ச் சொட்டு கலந்த ஒரு லிட்டர் தண்ணீர். மூச்சு நின்று பத்து நிமிடம் கழித்து எடுத்துத் தோட்டத்தில் ஆழப் புதையுங்கள். அந்தத் தொட்டித் தண்ணீரில் முன்னால் சொன்ன அளவு குளோரின் கலந்து 24 மணி நேரம் வைத்திருந்து, வாய்க்காலுக்கோ செடிக்கோ போகாத சாக்கடையில் ஊற்றுங்கள்.